கொஞ்சம் கோபக்காரர்

சிவமயம்

மானிப்பாய்,
வைகாசி மாதம்.

என் அன்பு மகள் தயாளினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எங்களுக்கு விதித்த சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் நோவு குறையவில்லை, எனக்கு வாய் குறையவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இப்போது கேட்கமாட்டேன், கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். போன் இருக்கும்போது இந்த மனுசிக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ இப்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னோடு கதைக்கிறாய், பக்கத்தில் மருமகன் தொண்டையைச் செருமுவது எனக்கு இங்கே கேட்கிறது. வட்ஸ்அப்பில் எழுதினாலும் அவர் கண்ணில் படும். நல்ல காலமாக யசிந்தா ரீச்சர் தன்னுடைய மகள் கிறிஸ்ரியிடம் ரொறன்ரோவுக்கு வருகிறா. மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கொடுத்துவிட்டிருக்கிறேன், அவற்றை யார் கையிலும் கொடுக்கலாம், கடிதத்தை மட்டும் உன் கையில் தனியே கொடுக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். நீயும் தனியே இருந்து வாசி, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டென்றாலும் வாசி.

விஷயத்தை மூடி மறைக்க எனக்குத் தெரியாது. தைப்பொங்கலுக்குக் கதைத்தபோது நீ ஒரு வசனம் சொன்னாய். "அவர் கொஞ்சம் கோபக்காரர் அம்மா, ஆனால் நல்லவர்" என்றாய். நான் அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பொங்கல் பொங்கிச் சரிந்த திசையைத்தான் கேட்டேன். கேட்காததற்கு நீயாக வந்து பதில் சொன்னாய். அன்றிலிருந்து அந்தக் கொஞ்சம் என்ற சொல் மீன்முள்ளைப் போல என் தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. இன்னொன்று, நீ என்னோடு கோபித்து எவ்வளவு காலம். முந்தி நான் ஒரு சொல் கூடச் சொன்னால் போனை வெட்டிவிட்டுப் போவாய், பிறகு நீயே எடுத்து இன்னும் ஏசுவாய். இப்போது நான் வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன், உடம்பு வைத்துவிட்டாய் என்றேன், உனக்குச் சமைக்கத் தெரியாது என்றேன், உன் படிப்பு வீண் என்றுகூடச் சொன்னேன், எல்லாவற்றுக்கும் மெல்லிய குரலில் சரி என்றாய். நான் பெற்ற பிள்ளை அப்படிச் சரி சொல்கிறவள் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது பிள்ளை, அதுதான் உண்மை. என்ன பயம் என்று இந்த ஊரில் நடந்ததைச் சொன்னால் உனக்கு விளங்கும், அதோடு நீ கேட்டுச் சந்தோஷப்படவேண்டிய கதையும் அதுதான், ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பராசக்திமேல் எனக்கிருந்த பழியை நான் தீர்த்துவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுக்குத்தெருவுக்குள், கோபக்காரருக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று உனக்குத் தெரியும், அதில் பாதி எனக்கு வைத்தவை. சந்திக் கடைக்காரன் என்னை முசுறு என்பான், மாமரத்துச் செவ்வெறும்பு மாதிரித் தொட்டவுடன் கடிப்பேனாம். உன் பெரியமாமிக்கு நான் மூக்குநுனியில் கோபம் உள்ளவள். மருதடிப் பிள்ளையார் கோயிலில் வரிசையைக் குலைத்துக்கொண்டு முன்னுக்குப் போனவர்களை நான் ஏசினபோது, பத்மாவதிக்குச் சன்னதம் வந்திட்டுது என்று பெண்கள் சிரித்தார்கள். சிடுமூஞ்சி, எரிந்து விழுகிறவள், வள்ளென்று பாய்கிறவள், பத்திரகாளி என்று எல்லாம் கேட்டுவிட்டேன், ஒன்றுக்கும் நான் கவலைப்படவில்லை. நாறின மீனை என் தலையில் கட்டப் பார்த்தால் கோபம் வராமல் கொட்டாவியா வரும். ஆனால் கவனித்துப் பார், இந்தப் பெயர் எல்லாம் பெண்ணுக்குத்தான். ஆண் கத்தினால் அதற்கு வேறு அகராதி வைத்திருக்கிறார்கள். அவர் ரோசக்காரன். அவருக்குப் பொய் புரட்டுப் பிடிக்காது. குழந்தை மனசு, சட்டென்று வரும் சட்டென்று போகும். கண்டிப்பான மனுசன். உன் பெரியப்பா சோற்றுக் கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்த நேரம், அவர் உப்புப் புளி பார்த்துச் சாப்பிடுகிற மனுசன் என்று ஊர் சொன்னது. அதே கோப்பையை நான் எறிந்திருந்தால் அங்கொடை விசர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

பராசக்தி உனக்கு வைத்த பெயரை நான் மறக்கவில்லை, நீ மறந்திருந்தாலும் நான் மறக்கமாட்டேன். உடுப்பிட்டிப் பொடியன், கணிதம் படிப்பிக்கிறவன், பொருந்தி வந்தானே, சாதகமும் பொருந்தி, உன்னைக் கோயிலில் தூரத்தில் நின்று பார்த்து அவனுக்கும் பிடித்து, உனக்கும் அவனுடைய சிரிப்புப் பிடித்து, எல்லாம் சரிவந்த நேரம். எங்கள் ஆட்களுக்குச் சாதகம் பொருந்தினால் மட்டும் காணாதே, ஒழுங்கையும் பொருந்தவேண்டும். வழி கேட்கிற சாட்டில், தேசிக்காய் வாங்குகிற சாட்டில் அயலுக்குள் விசாரிக்க வருவார்கள். விசாரணையில் ஒருவரும் நேரே ஒன்றும் சொல்வதில்லை, கொஞ்சம் என்று தொடங்கி ஒரு சொல்லை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள், கேட்க வந்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெருக்கிக்கொள்ளவேண்டும். உடுப்பிட்டியார் பராசக்தியின் வீட்டுக்குப் போனார்கள். அவள் தேத்தண்ணி கொடுத்து, "பிள்ளை வடிவு, நல்லாப் படிச்ச பிள்ளை, ஒரு குறையும் சொல்லேலாது, ஆனால் கொஞ்சம் முன்கோபி, தாயைப் போலை" என்றாளாம். தரகர்தான் பிறகு வந்து சொன்னார். அவளுக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியாதா. அவளுடைய மகன் நிருஷன் ஒழுங்கை முடக்கில் உன் சைக்கிளை மறித்துப் பகிடி விட்டபோது நீ செருப்பைக் கழற்றினாய். அதை ஊரே பார்த்தது. நான் அன்றைக்கு உனக்கு இறால் பொரித்துத் தந்தேன்.

அந்த ஒரு சொல்லால் உடுப்பிட்டிக் கதை நின்றது. நீ அழவில்லை, இனி ஆர் கேட்டாலும் ஓமெண்டு சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னாய். அப்படி வந்ததுதான் கனடாச் சம்பந்தம். மருமகனின் சொந்த ஊரான அளவெட்டிக்கு அப்பா பஸ் ஏறிப் போய் விசாரித்தார், அவர்களுடைய அயல்வீட்டுப் பெரிய மனுசன் ஒருவர், "றஜிந்தன் தங்கமான பொடியன், கொஞ்சம் ரோசக்காரன், வேறை ஒரு பிழையும் இல்லை" என்றாராம். அப்பா அதைப் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரோசம் இருக்கிறவன்தான் குடும்பத்தைக் காப்பாற்றுவான் என்று மாமாமாரும் சொன்னார்கள். பெண்ணுக்கு வைத்த கொஞ்சம் கலியாணத்தை உடைத்தது, ஆணுக்கு வைத்த கொஞ்சம் கலியாணத்தைக் கட்டி வைத்தது. இன்றைக்கு அந்த அளவெட்டி மனுசன் என் முன்னால் வந்தால், அவர் எனக்கும் ஒரு புதுப் பெயர் வைக்கவேண்டி வரும்.

சரி, பராசக்தியிடம் வருகிறேன். நீ போன நாள் தொடக்கம் நான் காத்திருந்தேன். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் ஒருநாள் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கும், அப்போது இந்த ஒழுங்கைக்குள் யாரோ வந்து என் படலையைத் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த வருடம் நிருஷனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று கடையில் கதை அடிபட்டது. நான் மிளகாய் வறுத்துக்கொண்டே சொல் தேடினேன். முன்கோபி என்று சொல்லலாமா என்று பார்த்தேன், ஆணை முன்கோபி என்றால் பெண்வீட்டார் தலையாட்டிவிட்டு என்ன வேலை என்று கேட்பார்கள். கோபக்காரன் என்றால் பொறுப்பானவன் என்று எடுப்பார்கள். ரோசக்காரன் என்றால் சீர்வரிசையோடு வருவார்கள். எனக்கு வைத்த பெயர்களில் ஒன்றைக் கழற்றி அவனுக்கு மாட்டலாம் என்றால் ஒன்றும் அவனுக்கு அளவாக இல்லை பிள்ளை. இவ்வளவு காலம் பழிக்குக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற மாதிரி எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

என்னிடம் இன்னொன்றும் இருந்தது, அதை அதுவரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குக் கிட்டடியில் ஒரு காலையில் கதிரை போட்டு ஏறி நின்று கொக்கத்தடியால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன், மதிலுக்கு அங்கால் பராசக்தியின் கிணற்றடி வெளிச்சமாகத் தெரிந்தது. நிருஷன் ஒரு சேர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், அயர்ன் பண்ணவில்லையாம். தாயின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் உடுப்புத் தோய்க்கிற கல்லோடு சாய்ந்து விழுந்தாள், அவன் திரும்பவும் அறைந்தான். பிறகு அவள் எழும்பி, அவனுடைய கையிலிருந்து அந்தச் சேர்ட்டை வாங்கிக்கொண்டு அயர்ன் பண்ண உள்ளே போனாள். அடுத்தநாள் கடையில் வீங்கின முகத்தோடு நின்று கிணற்றுக்கட்டில் பாசி வழுக்கிவிட்டது என்றாள். நான் வெங்காயம் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன். நல்ல மனத்தில் பேசாமல் இருந்தேன் என்று நினையாதே, பலாப்பழம் வெட்டுகிற கத்தியை நான் வெங்காயத்துக்கு எடுப்பதில்லை. ஆனால் விசாரிக்க வருகிறவர்களிடம் இதை நேரே சொன்னால், இது வேலிச்சண்டைக்காரியின் வாய் என்று நம்பமாட்டார்கள், அதுதான் எனக்கு இருந்த இடைஞ்சல்.

போன மாதம் ஒரு பின்னேரம் படலை தட்டிக் கேட்டது. சாவகச்சேரிப் பக்கத்து மனுசி, என்னைவிட வயது குறைவு, தம்பிக்காரன் மோட்டார் சைக்கிளோடு வெளியே நின்றான். கறிவேப்பிலைக் கன்று இருக்கா என்று கேட்டா. கறிவேப்பிலைக் கன்றுக்குச் சாவகச்சேரியிலிருந்து மானிப்பாய்க்கு ஒருவரும் வரமாட்டார்கள், அது அவவுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். உள்ளே இருத்தி நல்ல பாலில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அவ அதைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் எப்படி என்று கேட்டா. நான் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "பொடியன் நல்ல உத்தியோகம், ஆனால் கொஞ்சம்" என்று தொடங்கினேன். அவ கையைத் தூக்கி என்னை நிற்பாட்டினா. "அக்கா, குறை நினைக்காதேங்கோ, உந்தக் கொஞ்சம் எனக்கு வேண்டாம். ரோசக்காரனோ முன்கோபியோ எண்டு நான் கேக்க வரேல்லை, உதெல்லாம் என்ரை மூத்தவளுக்குப் பேசேக்கையும் சொன்னவை. மூத்தவள் இப்ப எங்களோடைதான் இருக்கிறாள். கை நீட்டுவானோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றா.

நான் மாதக் கணக்காகத் தேடின சொல்லை அவ கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டா. ஓம், நீட்டுவான், தாய்க்கே நீட்டினவன், என்ரை கண்ணாலை கண்டனான் என்றேன். அவ்வளவுதான். அவ என் முகத்தைப் பார்த்தா, நம்பிவிட்டா என்று எனக்குத் தெரிந்தது. பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினா. இருக்கிறதில் திறமான கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்து வேர்மண் உதிராமல் கிண்டிக் கொடுத்தேன். அவ போனபிறகு பாயாசம் காய்ச்சினேன். என்ன விசேஷம் என்று அப்பா கேட்டார், சவ்வரிசி பழுதாகப் போகுது என்றேன், அவரும் இரண்டு கோப்பை குடித்தார். ஒரு பெண்பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று பெருமை பேச எனக்கு வாய் வராது தயாளினி. அந்த நேரம் அந்தப் பெண்ணை நான் நினைக்கவே இல்லை. பராசக்தியின் முகம் எப்படிக் கறுக்கும் என்றுதான் நினைத்தேன், அப்படி நினைக்க நினைக்கப் பாயாசம் இன்னும் இனித்தது.

சாவகச்சேரிச் சம்பந்தம் வேண்டாம் என்று பதில் வந்தது. யார் சொன்னது என்று எப்படியோ பராசக்திக்குத் தெரிந்துவிட்டது. தலைமயிரை விரித்தபடி வந்து எங்கள் படலையைப் பிடித்து உலுப்பினாள். என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்தவளே, நாசமாய்ப் போவாய், உன்ரை வயிறு எரியும் என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒழுங்கை முழுவதும் வெளியே வந்து நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றேன், ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. அப்போது நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். எனக்கு வைத்த பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக அவளிடம் போனது. பராசக்திக்குச் சன்னதம் என்றார்கள், பத்திரகாளி என்றார்கள். கடைக்காரன், பத்மாவதியக்காவுக்கு எவ்வளவு பொறுமை எண்டு பாருங்கோவன் என்றான். என்னை, முசுறு என்ற அதே வாயால். இவ்வளவு காலத்தில் இந்த ஒழுங்கை எனக்குத் தந்த ஒரே நல்ல பெயர் அதுதான், நான் அதை ஆறுதலாக அனுபவித்தேன்.

சனம் கலைந்துபோனது. அவள் போகவில்லை. படலையைப் பிடித்தபடி நின்றாள், நான் கிட்டப் போனேன். இப்ப எப்பிடி இருக்குது பராசக்தி என்று கேட்பதற்கு ஒரு வசனம் உன் உடுப்பிட்டிக் கதை குழம்பின நாளிலிருந்து என்னிடம் தயாராக இருந்தது. நான் வாயைத் திறக்கமுதல் அவள் கேட்டாள். "நீ கண்டனியோ?" கத்திக் கத்தி அடைத்த தொண்டை, மெதுவாகக் கேட்டாள். கண்டனான் என்றேன். அவள் சீலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, "அவன் கொஞ்சம் கோபக்காரன், ஆனால் நல்லவன்" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். அந்த வசனத்தை அந்த மெல்லிய குரலில் தைப்பொங்கலன்று போனில் கேட்டவள் நான். அவர் என்றது அவன் என்றானதைத் தவிர ஒரு சொல் கூட மாறவில்லை, இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்தின இடத்தில் நிறுத்தி. அவ்வளவு காலம் சேர்த்து வைத்த வசனம் வாய்க்குள்ளேயே நின்றது, அவள் போய்விட்டாள்.

அவள்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நீ நினையாதே. அவளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை, அவளுடைய ஒரு சொல்லால்தான் நீ அவ்வளவு தூரம் போனாய். ஆனால் அவளோடு கணக்கு முடிந்துவிட்டது, என் பழி இப்போது ஆள் மாறி நிற்கிறது. அந்தச் சாவகச்சேரி மனுசி என்னிடம் கேட்டதை நான் உன்னிடம் கேட்கிறேன். அவர் கை நீட்டுகிறவரோ? கொஞ்சம் என்று தொடங்காதே, ஆனால் என்று முடிக்காதே. ஓமா, இல்லையா?

இல்லை என்றால் சந்தோஷம், உன் அம்மா விசர் மனுசி என்று இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. ஓம் என்றால் ஒன்றுக்கும் யோசியாதே. யசிந்தா ரீச்சருக்கு நான் விபரம் சொல்லவில்லை, ஆனால் உனக்கு ஒரு அவசரம் வந்தால் என்ன ஏது என்று கேளாமல் கிறிஸ்ரி காரோடு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன், ரீச்சர் தலையாட்டினா. பாஸ்போட்டையும் உன் படிப்புச் சேர்ட்டிபிக்கேற்றுகளையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடு, மற்றச் சாமான் அங்கேயே கிடக்கட்டும். உன் கலியாணத்துக்கு வந்தபோது குத்தின விசா எனக்கு இன்னும் இருக்கிறது. அப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் பொறுமையாகக் கதைத்துப் பார்ப்போம் என்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ திரும்பி வந்தால் ஒழுங்கை உனக்கு ஒரு பெயர் வைக்கும், வைக்கட்டும், வைக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் திருப்பி வைப்பேன். உன் புருசன் என்பதற்காக இவ்வளவு நேரமும் அவர் அவர் என்று எழுதினேன். நீ ஓம் என்றால் அந்த மரியாதை அன்றோடு சரி. அளவெட்டியில் திருவிழா நடக்கும்போது அவனுடைய தாய் தகப்பன் முன்வரிசையில் நிற்பார்கள்தானே. நாதசுரம் ஓய்கிற இடம் பார்த்து, வீதி நிறைந்த சனத்துக்குக் கேட்கிற மாதிரி, அவர்கள் பிள்ளையின் கை என்ன செய்தது என்று நான் சொல்வேன். ரோசக்காரன் என்று சொன்ன அந்தப் பெரிய மனுசனையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொல்வேன்.

மருதடிப் பிள்ளையார் உன்னோடு நிற்பார், என்ரை குஞ்சு நூறு வயது நிமிர்ந்து நடக்கவேண்டும். மிளகாய்த்தூளைப் பையோடு வைக்காதே, ஈரம் படாத போத்தலில் போட்டு இறுக்கி மூடு. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. வாசித்து முடிய உனக்கு என்மேல் கோபம் வந்தால், என் வீட்டுக்குள் மூக்கை நுழைக்காதே என்று போன் எடுத்து என்னை ஏசு, எவ்வளவு கெட்ட வார்த்தை என்றாலும் சொல்லு, நான் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். கடிதம் கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்குக் கோபம் வராவிட்டால், அம்மா பிளேனில் ஏறிவிட்டா என்று வைத்துக்கொள்.

இந்த ஒழுங்கையின் பத்திரகாளி,
உன் அம்மா,
கு. பத்மாவதி